ஆமை எழுதிய கடிதம்

மலைமேல் கல்லூரியில் சேர ஆசிரியர் ஒருவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கீரி முதலில் யானையிடம் போனது. காட்டில் யானையைவிடப் பெரிய வாத்தியார் இல்லை.

கடிதக் குவியலுக்கு நடுவே யானை களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. "உன் பேர் என்னம்மா?"

மூன்று வருடம் அதன் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது கீரி. பேரைச் சொல்லாமலே திரும்பிவிட்டது.

மிச்சமிருந்தது நீச்சல் வாத்தியார் ஆமை மட்டும்தான். அந்தப் பாடத்தில் கீரி இரண்டு முறை ஃபெயில்.

"சார், அதை மட்டும் எழுதிடாதீங்க."

"எனக்குத் தெரிஞ்சது அதுதானேம்மா," என்று பெருமூச்சு விட்ட ஆமை மெதுவாக எழுதியது: 'இரண்டு முறை மூழ்கினாள். மறுநாள் எனக்கு முன்பே குளத்துக்கு வந்து நின்றாள்.'

கல்லூரி வாசலில் மற்ற எல்லோர் கையிலும் யானையின் கடிதம். ஒரே வாசகம்: 'ஒழுக்கமானவர், திறமைசாலி.' கடிதம் வாங்கும் ஆந்தை படித்துப் படித்துச் சோர்ந்து, நிமிராமலே ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. கீரியின் கடிதத்தைப் படித்ததும் தலையைத் தூக்கியது.

"இப்ப நீந்துவியா?"

"நல்லா நீந்த மாட்டேங்க. ஆனா மூழ்காம கரைக்கு வந்துருவேன்."

ஆந்தை ஓரமாக நகர்ந்து வழிவிட்டது.