அச்சடித்த பச்சை

கடைத்தெருச் செவலைப் பசுவுக்குச் சாப்பாடே சுவரொட்டிதான். அன்றும் பசை வாசனை பிடித்துப் போய், விளம்பரத்தில் அச்சடித்திருந்த வயலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் மேய்ந்த வெள்ளாடு பதறியது. “ஐயோ அக்கா! காலடியில அகத்திக்கீரை கட்டுக்கட்டாக் கிடக்குது, காகிதத்தையா தின்னுறீங்க? கீரையில இருக்கிற நிறம்தானே கண்ணைக் காப்பாத்தும்!”

பசுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இதுவும் பச்சைப்பசேல்னுதான் இருக்குதாம். ஒட்டினவனே சொன்னான். இத்தனை வருஷமா இதைத்தான் தின்னுறேன், எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

வீறாப்பாகத் திரும்பிய பசு, நின்றிருந்த தள்ளுவண்டியில் மடாரென்று முட்டிக்கொண்டது.

“பொழுது சாய்ஞ்சு எவ்வளவு நேரமாச்சு! ஒரு விளக்குகூடப் போடாம இருக்கானுங்களே!” என்று சீறியது.

ஆட்டின் வாயிலிருந்து கீரை நழுவி விழுந்தது.

“அக்கா... இப்ப உச்சிவேளை.”

பசு அப்படியே நின்றது. முதுகில் வெயில் சுடுவது அப்போதுதான் அதற்கு உறைத்தது.