எண்ணுக்குரிய பெயர்

மதுரங்குளியில் இணையச் சேவை நடத்தும் மிஹ்ளார் ஹாஜியார் அன்று ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. தன் வலையமைப்பின் எந்த இணைய முகவரி எண் யாருடையது என்று கேட்பவர்களுக்குப் பெயர் சொல்லும் பட்டியலைத் தன் கந்தோரிலேயே வைப்பதா, கொழும்புக் கம்பெனியிடம் கொடுப்பதா?

ஒரு மாதமாக, யாரும் பாவிக்காத ஓர் எண் 'சஃப்வான்' என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தது. பெருங்காற்று அடித்த நாளில் ஆலங்குடா அலைபரப்புக் கோபுரத்தில் ஹாஜியார் வற்புறுத்தி ஏற்றியதில் விழுந்து மவுத்தான ஊழியன் அவன். "அவன் அண்டைக்கு வேலைக்கே வரல்ல" என்று பொலிஸில் சொல்லி, வரவுப் பதிவிலிருந்தும் பெயரை அழித்திருந்தார் ஹாஜியார்.

"கொழும்புக்கே குடுங்க மகள்," என்றார் பொறியியலாளர் ஃபர்ஹானாவிடம்.

அவள் பட்டியலைப் புதிதாக எழுதி அனுப்பினாள். சோதித்தபோது அந்த எண் பெயரே சொல்லவில்லை. ஹாஜியார் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார்.

"உங்கட ஃபோன்ட இணைய எண்ணையும் பார்ப்பம்," என்றாள். பதில் உடனே வந்தது. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'சஃப்வானை ஏற்றியவர்.'

"நான் இப்பிடி எழுதல்ல ஹாஜியார்," என்றாள். "முதல்லயே கண்டு ரெண்டு தரம் அழிச்சிட்டன், திரும்பவும் வருது. இனி உலகத்துல ஆரு கேட்டாலும் இதத்தான் சொல்லும்."