பிடித்த மீனை விடணும்

"சார், கையை நனைச்சுக்கிட்டுப் புடிங்க. காஞ்ச கை பட்டா மீனோட வழவழப்பு போயிடும்."

குளத்துக்காரர் வேதாசலம் சொன்னபடியே தமிழ்ச்செல்வன் கையை நனைத்து மீனைத் தூக்கினான். கட்லா. தராசு ஐந்து கிலோ காட்டியது. ஆறு ஞாயிற்றுக்கிழமையாக ஹைதராபாத் கச்சிபௌலியிலிருந்து பைக்கில் வந்து காத்துக் கிடந்தவனுக்கு இன்றுதான் ஒன்று மாட்டியிருக்கிறது.

வேதாசலம் அவன் செல்போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தார். "சரி, விட்டுடுங்க."

தமிழ்ச்செல்வனுக்கு மனசு வரவில்லை. காலையில் மனைவி சுமதி மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள். இன்றைக்கும் மீன் பிடிக்காமல் வந்தால் தூண்டில் பரணுக்குப் போகும், அப்புறம் ஞாயிறு முழுக்க வீட்டு வேலைதான் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அதை அப்படியே சொல்லிக் கெஞ்சினான். கேட்ட விலை தருவதாகவும் சொன்னான்.

வேதாசலம் அசையவில்லை. சனத்நகர் பட்டறை ஒன்றில் இருபது வருஷம் இரும்பு காய்ச்சி ஊற்றியவர். பட்டறையை மூடியதும் இந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, 'பிடித்த மீனை விடணும்' என்று தன் கையாலேயே போர்டு எழுதி மாட்டியிருந்தார்.

"ஒரு வேளை குழம்போட இது முடிஞ்சிடும் சார். விட்டீங்கன்னா இன்னும் எத்தனையோ பேருக்கு இதே சந்தோஷம். வீட்ல நான் பேசறேன், போனைப் போடுங்க."

தமிழ்ச்செல்வன் முழங்கால் தண்ணீரில் இறங்கினான். மீன் வாலை ஓர் உதறு உதறி, அவன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போனில் சுமதி முதலில் நம்பவில்லை. வேதாசலம் வாங்கி எடையைச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள்.

"அஞ்சு கிலோவைத் தண்ணியில விட்டுட்டு நிக்கற ஆளை என்னத்த சொல்ல? வர்ற வழியில கோழியாவது வாங்கிட்டு வாங்க."

தூண்டில் பிழைத்தது. அந்தக் குஷியில், அடுத்த ஞாயிறு தன் ஆபீஸ் டீம் பத்துப் பேரையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பைக் மறைந்ததும் வேதாசலம் குடிசைப் பக்கம் வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்லம்மாவின் கை அப்படியே நின்றது.

"பத்துப் பேரா? குளத்துல இருக்கிறதே அது ஒண்ணுதானேங்க. பாவம், ஒரே நாள்ல அது எத்தனை தடவைதான் மாட்டும்?"