ஒரு பாய் விரிக்கிற இடம்

டிபன் டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து அந்த மனிதர் மஞ்சப்பையை என் மேஜைமேல் கவிழ்த்தார்.

கருகிய மண். பாதி சோதனைத் தட்டில் விழுந்தது. மீதி என் எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில் சிதறியது.

புத்தூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு மண்ணைக் கண்டு கோபம் வரக்கூடாதுதான். வந்தது. சிந்தியதைக் கையால் வழித்துக் குப்பைக்கூடையில் தள்ளினேன்.

பெயர் பிச்சை என்றார். பச்சைமலை அடிவாரம். விடிகாலையில் கிளம்பி, துறையூரில் பஸ் மாறி வந்திருக்கிறார். மாசியில் மலையில் தீப்பிடித்ததாம், அந்த இடத்து மண்ணாம்.

படிவத்தை எடுத்தேன். நிலம் யார் பெயரில் என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, வீரம்மாள் என்றார். மனைவியா என்றதற்குத் தலையாட்டினார்.

என்ன பயிர் வைக்கப் போகிறார் என்ற கேள்விக்கு மஞ்சப்பையை நீவி மடித்தார். பரப்பளவு என்ன என்றதற்கு இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார்.

"ஒரு பாய் விரிக்கிற இடம் மேடம்."

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஏக்கர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். ஒரு பாய் அகலத்தில் வெள்ளாமை செய்ய இரண்டு பஸ் ஏறி வரும் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். தீப்பட்ட மண் என்று பயப்பட வேண்டாம், சாம்பல் சேர்ந்ததில் அமிலத்தன்மை குறைந்திருக்கும், பொட்டாஷ் கூடியிருக்கும், முதல் வருஷம் நன்றாகவே விளையும்.

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மண்ணுக்குள் தண்ணீர் போகுமா, போகாதா. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

அது சுலபமான சோதனை. ஒரு சொட்டுத் தண்ணீரை மண்மேல் விட்டு, உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல மண் ஐந்து நொடிக்குள் குடித்துவிடும்.

சொட்டுக்குழாயை எடுத்தேன். தான் விடலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

சொட்டு விழுந்தது. சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பது போல உருண்டு நின்றது.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். செல்போனில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. சொட்டு அசையவில்லை.

அவர் முகம் செத்துப்போயிற்று. குழாயை என்னிடம் நீட்டி, நீங்கள் விடுங்கள் என்றார். ஆளுக்கு ஆள் இதில் என்ன மாறப்போகிறது என்று முனகிக்கொண்டே விட்டேன். அதுவும் நின்றது.

இன்னும் யாராவது விட்டுப் பார்க்கலாமா என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையில் வேலையாக இருந்த ரோசரியைக் கூப்பிட்டேன். வந்தாள், ஒரு சொட்டு விட்டாள், என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்று சொட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தட்டை லேசாகச் சாய்த்தேன். மூன்றும் உருண்டு ஓரத்துக்குப் போயின. அவை இருந்த இடத்தில் மண் நனையவே இல்லை.

விளக்கினேன். இலையும் கட்டையும் எரியும்போது அதிலிருக்கும் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் இறங்கும். சூடு ஆறியதும் ஒவ்வொரு மணல் துகளின்மேலும் படிந்துவிடும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் வழிந்து ஓடுமே தவிர, உள்ளே இறங்காது.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஊத்துனாலும் இப்படித்தாங்களா?"

கலெக்டரே வந்து ஊற்றினாலும் இப்படித்தான் என்றேன்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். அதுவரை நாற்காலியின் நுனியில் இருந்தவர் அப்போதுதான் முழுசாக உட்கார்ந்தார். தண்ணீர் இறங்காது என்று கேட்டு நிம்மதியான விவசாயியை நான் பார்த்ததில்லை.

பிறகு சொன்னார். பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போல, நிதானமாகச் சொன்னார்.

"தீப்பிடிச்ச அன்னைக்குக் காலையில வீரம்மா ஒரு சொம்புத் தண்ணி எடுத்துக் குடுன்னா. ராத்திரி போட்ட சண்டை மேடம், நான் எந்திரிக்கல. அப்படியே விறகுக்குப் போயிட்டா. தீயெல்லாம் அடங்குன பொறவு அந்தப் பாய் அளவு இடத்துலதான் கெடந்தா. வெள்ளிக்கெழம தவறாம கொடம் தூக்கிட்டுப் போயி ஊத்துறேன், வாங்கவே மாட்டேங்கிறா. எம்மேல உள்ள கோவம்னு நெனச்சிட்டேன்."

குப்பைக்கூடை என் காலடியில்தான் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோபமெல்லாம் இல்லை, மெழுகுதான் என்று ஏதோ சொன்னேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார். தட்டிலிருந்த மண்ணை ஒரு துகள் விடாமல் மஞ்சப்பைக்குள் அள்ளிக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அப்ப அவளுக்குத் தண்ணி எப்ப மேடம் போயிச் சேரும்?"

இரண்டு மழைக்காலம் போக வேண்டும். சரிவான இடமென்றால் அதற்கு மேலும் ஆகும். பதினோரு வருஷமாக மண்ணைப் பார்ப்பவளுக்கு இது தெரியும். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். காலையிலிருந்து ஒன்றும் குடித்திருக்கமாட்டார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார்.

குடிக்கவில்லை. மஞ்சப்பைக்குள், அந்த மண்ணோடு வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.