ஓகே குடுங்க சார்

"முப்பது மணி நேரம் ஆச்சும்மா, இன்னும் பழசேதான் தெரியுது."

போனில் பெரியவரின் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அவர் மனைவி நடத்தும் பாட்டு வகுப்புக்கு அவள் வேலை பார்க்கும் ஆபீஸ் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தது. அதில் 'புதிய மாணவர்கள் சேரலாம்' என்பதை எடுத்துவிட்டு 'வகுப்புகள் இனி நடைபெறாது' என்று போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. நேற்றுக் காலையே கேட்டிருந்தார். அவள் மறந்துவிட்டாள். மாலையில் முதலாளி விசாரித்தபோது, சட்டென்று "முடிச்சாச்சு சார்" என்று வாயில் வந்துவிட்டது. பெரியவரிடமும் அதையே சொன்னாள்.

இப்போது முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். திரையில் ஒரு பர்னிச்சர் கடையின் வெப்சைட் பாதியில் கிடந்தது.

"நாங்க மாத்திட்டோம் சார். உங்க பிரவுசர்தான் பழைய பக்கத்தைச் சேத்து வச்சுக்கிட்டு அதையே காட்டுது. அந்தச் சேமிப்பை, அதான் கேஷை, க்ளியர் பண்ணிப் பாருங்க."

"நேத்தும் அதைத்தானேம்மா சொன்னீங்க. பண்ணிட்டேன். கண்ணாடி போட்டும் பாத்துட்டேன், போடாமலும் பாத்துட்டேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தாடிக்காரன் சிரிப்பை விழுங்கினான்.

"கொஞ்சம் அவசரம்மா. அவ நம்பர்தான் அதுல இருக்கு. சேரணும்னு யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. போன் அடிச்சாலே அவ எழுந்து உள்ள போயிடறா."

பாட்டு டீச்சருக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டாள். முதலாளி நகர்வதாக இல்லை; அவர் பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்து மாற்றவும் முடியாது.

"சார், பழசு போன் முழுக்கத் தேங்கியிருக்கும். செட்டிங்ஸ்ல ஒவ்வொரு ஆப்பா திறந்து, க்ளியர்னு இருக்கறதை எல்லாம் அமுக்கிடுங்க."

அது தேவையே இல்லை என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரமாவது அவரை உட்கார வைக்கும், அவ்வளவுதான்.

"எல்லாம் அழிஞ்சுடும், சம்மதமானு கேக்குதேம்மா."

"ஓகே குடுங்க சார். அழிச்சாத்தான் புதுசு தெரியும்."

"தெரிஞ்சவங்க நீங்க. சொன்னா சரி."

போனை வைத்தாள். "யாரு, பாட்டு வகுப்பா? நேத்தே முடிஞ்சுதே" என்றார் முதலாளி.

"அவருக்குக் கேஷ் பிரச்சினை சார்."

அவர் தலையாட்டிவிட்டு அறைக்குள் போனார். தாடிக்காரன் குனிந்து, "எவ்வளவு பழி போட்டாலும் இந்தக் கேஷ் வாயே திறக்காது. நம்ம ஆபீஸ்லயே நல்ல மனுஷன் அதுதான்" என்றான்.

அவளுக்குக் காது சூடானது. அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்து, பழைய வரியை எடுத்தாள், புதிய வரியைப் போட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சற்று நேரத்தில் பெரியவரே கூப்பிட்டார்.

"வந்துடுச்சும்மா. நீங்க சொன்னதுதான் சரி, எல்லாத்தையும் அழிச்ச பிறகுதான் வந்துச்சு. உங்களை நம்பாம திரும்பத் திரும்பத் தொல்லை குடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவளுக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஒரே ஒரு உதவி. அழிச்சதுல, அவ எனக்குப் பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போயிடுச்சு. நான் கடையில நின்னா, 'உப்பை மறந்துட்டு வந்து நிக்காதீங்க'னு அனுப்புவா. சில நாள் ரெண்டு வரி பாடியும் அனுப்புவா. திரும்ப எடுக்க முடியுமாம்மா?"

"பேக்கப் வச்சிருந்தீங்களா சார்?"

"அப்படின்னா?"

போனது போனதுதான். அவள் குரலை இதமாக்கிக்கொண்டாள்.

"அதுக்கென்ன சார், மறுபடியும் பேசி அனுப்பச் சொல்லுங்க. அம்மா பக்கத்துலதானே இருக்காங்க?"

"பக்கத்துலதான் இருக்கா. உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லி எழுதிக் காட்டறா" என்றார் பெரியவர். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாதென்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் தொண்டையில ஆபரேஷன் பண்ணி குரல்வளையையே எடுத்துட்டாங்கம்மா. அதனாலதானே வகுப்பை மூடினோம்."