மூன்று இடத்திலும் ஒரே பெயர்

ஜெயித்த குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் ஈயத்தகடு ஏற்றிச் சுமையைக் கூட்டுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டுமாம், அதுதான் அவர்கள் நியாயம். தொடர்ந்து நான்கு முறை ஜெயித்த மின்மினிக்கு இன்று அறுபத்திரண்டு கிலோ. பந்தயக் கணிப்பு எழுதும் பிலோமினா, சேணம் பூட்டும் கொட்டகையில் கடைசித் தகடு மின்மினியின் சேணப் பைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கனம் முதுகில் விழும்போது மற்றக் குதிரைகள் பின்வாங்கும். மின்மினி ஓரடி முன்னால் வந்து நின்றது.

செல்பேசியில் பத்திரிகை ஆசிரியர் ஏகாம்பரம் கத்தினார். "மழையில மணல் ஊறிக் கெடக்குது. அவ்ளோ வெயிட்டோட அது எங்க ஓடப்போவுது? பட்டியல்லேர்ந்து தூக்கிடும்மா. போன வாரம் நீ சொன்ன நாலு கணிப்பும் பலிச்சுதேன்னு ரெண்டு நாள் ரேஸையும் உன் தலையில கட்டியிருக்கேன். இது தப்பாச்சுன்னா நாளையிலேர்ந்து உனக்கு எடமில்ல."

"ஜெயிச்சா எனக்கும் வெயிட்டுதானா சார்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வாசகர்களுக்குப் போகும் கடைசிக் கணிப்பில் முதல், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. மூன்றிலும் மின்மினி என்றே எழுதி அனுப்பினாள்.

உடனே செல்பேசி மறுபடி மணியடித்தது.

"பைத்தியமா உனக்கு? ஒரே குதிரை எப்படி மூணு எடத்துலயும் வரும்? மத்ததெல்லாம் எங்க போவும்?"

"நாலாவதா வரட்டும் சார்."

சிறிது நேரத்தில், பந்தயத் திடலில் குதிரைகளை அடைத்து நிறுத்தியிருந்த கதவுகள் படாரென்று திறந்தன.