நாலு கார்டு

ஆறுச்சாமிக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடம் சீனியர் அவன்; ஆனால் புரொபசர் வாயைத் திறந்தால் செங்கோட்டையன் பெயர்தான் வரும்.

செல் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு எப்படி நெளிகிறது என்று, காந்த அதிர்வு அளவுகளை வைத்து இருவருமே கணக்குப் போட்டார்கள். யார் கணக்கு சரியாக வருகிறதோ அவனுக்குத்தான் பம்பாய் மாநாடு.

கணக்கைத் துளைகளாகப் பதித்த, பார்வைக்கு ஒரே மாதிரியான பஞ்ச் கார்டு அட்டைகளோடு கோயமுத்தூர் கம்ப்யூட்டருக்குக் கிளம்பினார்கள். ஆறுச்சாமியிடம் துணிப்பை, செங்கோட்டையனிடம் தகரப்பெட்டி. ஆடி மழை பஸ்ஸுக்குள்ளும் சொட்டியது.

வாளையார் செக்போஸ்ட்டில் செங்கோட்டையன் டீ வாங்க இறங்கினான். சட்டென்று அவன் பெட்டியைத் திறந்த ஆறுச்சாமி, நடுவிலிருந்து நாலு கார்டுகளை உருவி ஜன்னல் வழியே வெள்ளத்தில் விட்டான். ஒரு கார்டு குறைந்தாலே கணக்கு கந்தல். மனசு குளிர்ந்தது.

செங்கோட்டையன் நனைந்தபடி டீயை நீட்டினான்.

"அண்ணா, ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுல பேப்பர் வாங்கப் போனப்ப, உங்க கார்டையெல்லாம் என்ற பெட்டிக்கு மாத்தி வெச்சுட்டனுங்க. என்னோடது உங்க பையில இருக்குதுங்க. அது நனைஞ்சாலும் பரவால்லீங்க. பம்பாய்க்கு மொதல்ல நீங்கதானுங்க போகோணும்."